இருட்டில் படம் எடுக்க எந்த ஃபுல் ஃப்ரேம்? கையைக் கடிக்காத கேமரா தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திரௌபதி அம்மன் கோயில் கூத்து, தெப்பம், மலை மேல் நட்சத்திரம் என்று இருட்டிலேயே கேமராவோடு சுற்றுகிறவன் நான். படத்தைப் பார்த்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன கேமரா?" என்றுதான். அதற்குப் பதில் சொன்னால் பின்னாலேயே வரிசையாகக் கேள்விகள் வரும். கேட்கிற ஆள்தான் வேறு, கேள்விகள் அதேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். விலையை ரூபாயில் போடவில்லை. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் நடுவிலேயே அது மாறிவிடுகிறது.

ஃபுல் ஃப்ரேம்னா என்னண்ணா? பெரிய கேமராவா?

கேமரா பெரிதாக இருக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சென்சார்தான் பெரிது. பழைய ஃபிலிம் ரோலில் ஒரு படம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் இருக்கும். சென்சாரும் அதே அளவில் இருந்தால் ஃபுல் ஃப்ரேம். நம்மில் பலர் கையில் இருக்கும் ஏபிஎஸ்-சி கேமராவில் அது ஏறக்குறைய 23.5-க்கு 15.6. கேனானில் இன்னும் கொஞ்சம் சின்னது.

பெருக்கிப் பார்த்தால் ஃபுல் ஃப்ரேமின் பரப்பு இரண்டேகால் மடங்குக்குச் சற்று அதிகம். அதே அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் சின்னதானால் திறப்பு பெரிது), அதே ஷட்டர் ஸ்பீடு (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) வைத்தால் மொத்தமாகச் சேரும் வெளிச்சமும் அவ்வளவு மடங்கு. ஸ்டாப் கணக்கில் ஒன்றேகால்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஏபிஎஸ்-சியில் ஐஎஸ்ஓ (கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா தூக்கிக் காட்டும் அளவு) 3200-க்குக் கொஞ்சம் கீழே கிடைக்கிற சுத்தம் இதில் 6400-இல் கிடைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இரவு பகலாகிவிடும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

என் போனே ராத்திரியில பளிச்னு எடுக்குது. அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு?

நியாயமான கேள்வி. ஒரு நல்ல போனின் மெயின் கேமரா சென்சார் சுமார் 72 சதுர மி.மீ. இருக்கும். ஃபுல் ஃப்ரேம் 864. பன்னிரண்டு மடங்கு. ஆனால் போனின் லென்ஸ் எஃப்/1.8 அளவில் திறந்தே இருக்கும். நீங்கள் ஃபுல் ஃப்ரேமில் எஃப்/4 கிட் லென்ஸை (கேமராவோடு சேர்ந்து வருவது) போட்டால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. பன்னிரண்டை ஐந்தால் வகுத்துப் பாருங்கள்: இரண்டரை மடங்குகூட மிஞ்சவில்லை. போதாததற்கு போன் ஒரே நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கிக்கொள்கிறது. லட்ச ரூபாய் கேமராவை வாங்கி, "போன் மாதிரிகூட வரலையே" என்று சிலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

அதே பாடியில் எஃப்/1.8 லென்ஸை மாட்டினால் அந்தப் பன்னிரண்டு மடங்கு முழுசாகக் கைக்கு வரும். அசைகிற ஆள், ஓடுகிற குழந்தை, ஆடுகிற கூத்துக்காரர் என்று வந்தால் போனின் பல படச் சூத்திரமும் பலிக்காது. கேமரா ஜெயிப்பது அங்கேதான்.

விலை குறைஞ்ச ஃபுல் ஃப்ரேம்னு எதையெல்லாம் கணக்குல வைக்கலாம்?

மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) நான் சொல்வது ஆறு. கேனான் ஆர்பி (2019, 26 மெகாபிக்சல்), கேனான் ஆர்8 (2023, 24 மெகாபிக்சல்), நிக்கான் இசட்5 (2020, 24), நிக்கான் இசட்6 (2018, 24), சோனி ஏ7 வரிசையில் மூன்றாவது (2018, 24), பானசோனிக் எஸ்5 (2020, 24). சோனியை இனி ஏ7-3 என்றே எழுதுகிறேன். அமெரிக்காவில் வெளிவந்தபோது ஆர்பி 1,299 டாலர், இசட்5 1,399, ஆர்8 1,499. ஏ7-3, எஸ்5 இரண்டும் 2,000 டாலரை ஒட்டி வந்தவை. செகண்ட் ஹேண்டில் இறங்கியதால்தான் இந்த வரிசைக்கு வந்திருக்கின்றன.

2025-இல் வந்த இசட்5-இன் இரண்டாம் பதிப்பு 1,699 டாலர். பட்ஜெட்டை இழுத்துப் பிடித்தால் எட்டிவிடலாம். இருட்டுக்கு அது ஏன் முக்கியம் என்பதை ஃபோகஸ் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சரி, இந்த ஆறுல நாய்ஸ் எதுல கம்மி?

நாய்ஸ் என்பது படத்தில் தெரியும் சொரசொரப்பு. எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான். ஐஎஸ்ஓ 3200, 6400 என்று போய்விட்டால் இந்த ஆறுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் கிடையாது. படங்களை ஒரே அளவுக்குச் சுருக்கி, எது எந்தக் கேமரா என்று சொல்லாமல் காட்டினால் நானே தடுமாறுவேன். இருட்டுப் படத்தின் நாய்ஸில் பெரும்பகுதி வெளிச்சம் குறைவாக வந்ததால் வருவது. சென்சார் செய்கிற தப்பு அதில் கொஞ்சம்தான்.

வித்தியாசம் தெரிவது வேறொரு இடத்தில். குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் நிழல் பகுதியைத் தூக்கும்போது. கோபுர விளக்கு வெடித்து வெள்ளையாகாமல் இருக்க ஐஎஸ்ஓ 100-இல் எடுத்து, அப்புறம் மண்டபத்தின் இருட்டை நான்கு ஸ்டாப் தூக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏ7-3, இசட்5, இசட்6, எஸ்5, ஆர்8 எல்லாம் தாங்கும். ஆர்பியில் சொரசொரப்பு வரும். அதன் சென்சார் 2017-இல் வந்த கேனான் 6டி மார்க் 2-இன் வழி வந்தது, கீழ் ஐஎஸ்ஓவில் அதற்கு அந்தப் பலவீனம் உண்டு. ஐஎஸ்ஓ 1600-க்கு மேலே போனால் ஆர்பியும் மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

ஐஎஸ்ஓ 1,02,400 வரைக்கும் போகும்னு கடைக்காரர் சொன்னாரே?

போகும். ஆர்8-இல் அந்த எண் இருக்கிறது. ஸ்பீடாமீட்டரில் 160 இருக்கிற பைக் நம் ஊர் ரோட்டில் எவ்வளவு போகும், அதே கதைதான். ஃபுல் ஃப்ரேமில் 6400 வரை நான் யோசிக்காமல் போடுவேன். 12,800-இல் முகம் பெரிதாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும், கூட்டம் என்றால் தூரத்து முகங்கள் களிமண்ணாகும். 25,600 செய்திக்கு ஆகும், சட்டம் போட்டு மாட்ட ஆகாது.

12 மெகாபிக்சல் கேமராதான் இருட்டுக்கு நல்லதாமே? 24 அதிகமில்லையா?

சோனி ஏ7எஸ் வரிசையைப் பார்த்து வந்த பேச்சு இது. ஒவ்வொரு பிக்சலும் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு பிக்சலிலும் நாய்ஸ் குறைவு, அது சரி. ஆனால் நாம் படத்தைத்தான் பார்க்கிறோம், பிக்சலை அல்ல. 24 மெகாபிக்சல் படத்தை 12 அளவுக்குச் சுருக்கினால் நாய்ஸும் சேர்ந்து சுருங்கிவிடும். ஸ்டில் போட்டோவில் 6400 வரை இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஏ7எஸ்ஸின் உண்மையான பலம் வீடியோ. போட்டோவுக்காக மட்டும் அதைத் தேடி அலைய வேண்டாம்.

இருட்டுல எது டக்குனு ஃபோகஸ் ஆகும்? ஒன்னுல மைனஸ் 6.5, இன்னொன்னுல மைனஸ் 3.5னு போட்டிருக்கே?

அது ஈவி, அதாவது வெளிச்ச அளவின் கணக்கு. மைனஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு இருட்டிலும் ஃபோகஸ் ஆகும். ஒவ்வொரு எண் இறங்கும்போதும் வெளிச்சம் பாதியாகும். ஆனால் பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே ஒப்பிடக் கூடாது. கேனான் எஃப்/1.2 லென்ஸை மாட்டி அளந்து சொல்கிறது: ஆர்8 மைனஸ் 6.5, ஆர்பி மைனஸ் 5. நிக்கான் இசட்5-க்கும் சோனி ஏ7-3-க்கும் எஃப்/2 லென்ஸ் கணக்கு: இசட்5 சாதாரணமாக மைனஸ் 2, குறைந்த வெளிச்ச ஃபோகஸை ஆன் செய்தால் மைனஸ் 3.5, ஏ7-3 மைனஸ் 3. எஃப்/1.2-க்கும் எஃப்/2-க்கும் நடுவில் ஒன்றரை ஸ்டாப் இருக்கிறது. கேனான் எண்களிலிருந்து அதைக் கழித்தால் ஆர்8 மைனஸ் 5, ஆர்பி மைனஸ் 3.5. ஆர்பியும் இசட்5-உம் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன பாருங்கள். ஆனால் இசட்5 குறைந்த வெளிச்ச ஃபோகஸில் நிதானமாகத் தேடித்தான் பிடிக்கும்.

கையில் வைத்து எடுத்த அனுபவத்தில் இந்த வரிசையில் ஆர்8 முன்னால் நிற்கிறது. கண்ணைப் பிடித்தால் விடாது. அடுத்தது ஏ7-3. எஸ்5 மற்றவற்றைப் போல் ஃபேஸ் டிடெக்ஷன் இல்லாமல் வேறு முறையில் ஃபோகஸ் செய்வது. நிற்கும் பொருளில் மங்கலிலும் பிடிக்கும், நடந்து வருகிறவரிடம் தடுமாறும். இசட்5-இன் இரண்டாம் பதிப்புக்கு நிக்கான் எஃப்/1.2 லென்ஸோடு மைனஸ் 10 என்கிறது. அதே ஒன்றரையைக் கழித்தாலும் மைனஸ் 8.5. முதல் பதிப்போடு ஒப்பிட்டால் இது வேறு பிறவி.

பாடியில ஸ்டெபிலைசேஷன் இல்லாததை வாங்கலாமா?

கை நடுக்கத்தை அடக்கும் அந்த வசதி ஆர்பி, ஆர்8 இரண்டிலும் கிடையாது. மற்ற நான்கிலும் உண்டு. அது யாருக்கு வேண்டும் என்றால், அசையாத பொருளை டிரைபாட் இல்லாமல் எடுக்கிறவர்களுக்கு. டிரைபாட் அனுமதிக்காத பிராகாரம், மழைக்குப் பிறகு ஈரமான தெரு, நடைப்பயணம். 35 மி.மீ. லென்ஸில் கால் நொடி வரை நான் கையில் பிடித்து எடுத்திருக்கிறேன். ஸ்டெபிலைசேஷன் இல்லாமல் 1/40-க்குக் கீழே போனால் பயம். ஐஎஸ்ஓ 6400-இல் எடுக்க வேண்டியதை 640-இல் முடித்துவிடலாம், பத்து மடங்கு லாபம். முதல் கேள்வியில் சொன்ன இரண்டேகால் மடங்கு இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் எதிரே இருப்பவர் அசைந்தால் இது எதற்கும் ஆகாது. கை நடுக்கத்தைத்தான் அது அடக்கும், ஆட்டக்காரரை அடக்காது. டிரைபாடில் வைத்து நட்சத்திரம் எடுக்கிறவருக்கும் இது வேண்டாம். அங்கே அணைத்துவிடுங்கள்.

கூத்து, திருவிழா எடுக்க என்ன செட்டிங் வைப்பீங்க?

ஒரு இரவைச் சொல்கிறேன். நடுராத்திரி தாண்டியிருக்கிறது. பந்தலில் இரண்டு பக்கமும் ஃபோகஸ் லைட், பின்னால் கருப்பு வயல். கட்டை வேஷக்காரர் கிறுக்கி சுற்றுகிறார். புஜக்கட்டையிலும் கிரீடத்திலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொரு சுற்றுக்கும் பளீர் பளீரென்று அடிக்கின்றன. கேமராவை ஆட்டோவில் விட்டால் பின்னால் இருக்கும் கருப்பைப் பார்த்து ஏமாந்து ஐஎஸ்ஓவை ஏற்றிவிடும். அரிதாரம் பூசிய முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் எல்லாமே மேனுவல்: எஃப்/1.8, 1/250, ஐஎஸ்ஓ 3200. ஒரு படம் எடுத்து முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். நெற்றியில் வண்ணம் தெரிந்தால் சரி, கண்ணாடிச் சில்லு வெள்ளையாகப் போனால் போகட்டும்.

விடிய விடிய இதே எண்கள்தான். வேஷக்காரர் திரை ஓரத்துக்குப் போகும்போது மட்டும் ஐஎஸ்ஓவை ஒரு ஸ்டாப் ஏற்றுவேன். இதையே எஃப்/4 லென்ஸில் எடுக்க வேண்டுமானால் ஐஎஸ்ஓ 16,000 ஆகிவிடும். கட்டியக்காரன் உட்கார்ந்து பேசும் நேரம்தான் ஓய்வு: 1/80 போதும், ஐஎஸ்ஓ ஆயிரத்துக்கு இறங்கும். நல்ல முகபாவங்களும் அப்போதுதான் கிடைக்கும்.

சீரியல் லைட் இருக்கிற இடத்துல படம் கோடு கோடா வருது. கேமரா கோளாறா?

கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். நம் கண் அதைப் பார்ப்பதில்லை, வேகமான ஷட்டர் பார்த்துவிடுகிறது. 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு முழுச் சுற்று உள்ளே அடங்கிவிடும், கோடு போய்விடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இது இன்னும் மோசம். ஏ7-3 சென்சாரை மேலிருந்து கீழே படித்து முடிக்கவே சுமார் 1/15 நொடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் விளக்கு ஆறேழு முறை துடித்துவிடும். விசேஷ வீட்டில் சைலன்ட் மோடை மறந்துவிடுங்கள்.

ஆர்பியிலும் ஆர்8-லும் முழு மெக்கானிக்கல் ஷட்டர் கிடையாது. முதல் திரை எலக்ட்ரானிக், இரண்டாவது திரை மெக்கானிக்கல். இதைக் குறையாகச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அதன் தொல்லை மிக வேகமான ஷட்டரில்தான் தெரியும், இரவில் அந்த வேகத்துக்குப் போகவே மாட்டோம். மேடையின் எல்இடி சுவர் மட்டும் தனிச் சனியன். அதன் துடிப்பு 100-க்கு அடங்காது. ஷட்டரை 1/60, 1/80, 1/125 என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பால்வீதி எடுக்கணும். எந்த கேமரா, எத்தனை நொடி?

இந்த விஷயத்தில் நமக்கு ஊர் அதிர்ஷ்டம் உண்டு. பால்வீதியின் மையம் தனுசு ராசிப் பக்கம், வானத்தின் தென்பகுதியில் இருக்கிறது. மதுரையிலிருந்து பார்த்தால் உச்சத்தில் அடிவானத்துக்கு மேலே சுமார் 51 டிகிரி ஏறும். லடாக்கின் ஹான்லேயிலிருந்து 28 டிகிரிதான். அங்கே வானம் நம்மதை விட எத்தனையோ மடங்கு கருப்பு, அது வேறு. இங்கே மார்ச் முதல் மே வரை நள்ளிரவுக்குப் பின், அமாவாசையை ஒட்டிப் போங்கள். ஜவ்வாது மலை போன்ற இடம் தேவை. அங்கே காவலூரில் வானியல் ஆய்வகம் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. சித்ரா பௌர்ணமிக்கு மலைக்குப் போய் பால்வீதி தேடியவர்களை எனக்குத் தெரியும்.

நொடிக்கு பழைய கணக்கு 500-ஐ லென்ஸ் மி.மீ.யால் வகுப்பது. 20 மி.மீ. என்றால் 25 நொடி. ஃபிலிம் காலத்துக்கு அது சரி. 24 மெகாபிக்சல் சென்சாரில் அந்த 25 நொடியில் நட்சத்திரம் ஐந்தாறு பிக்சல் நீளத்துக்கு இழுத்துவிடும், புள்ளி அரிசியாகிவிடும். நான் 20 மி.மீ.-க்கு 10 முதல் 13 நொடிதான் வைப்பேன்: எஃப்/1.8, ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400. கேமரா எதுவானாலும் சரி. ஒன்றே ஒன்று: பழைய சோனி ஏ7எஸ்-2, ஏ7ஆர்-2 செகண்ட் ஹேண்டில் மலிவாக வந்தால் நட்சத்திரக்காரர்கள் யோசிக்க வேண்டும். சில நொடிகளுக்கு மேல் போகும் எக்ஸ்போஷரில் சின்ன நட்சத்திரங்களை நாய்ஸ் என்று நினைத்து அழித்துவிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.

ஸ்கிரீன்ல ஒன்னுமே தெரியல சார், நட்சத்திரத்துக்கு எப்படி ஃபோகஸ் வைக்கறது?

ஆட்டோஃபோகஸை நிறுத்திவிட்டு, இருப்பதிலேயே பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசி முனையாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். தூரத்து மலைக் கிராமத்தின் தெருவிளக்கு ஒன்று கண்ணில் பட்டாலும் போதும். ஃபோகஸ் கிடைத்ததும் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுவேன். இருட்டில் முழங்கை பட்டு நகர்ந்து, எடுத்த நாற்பது படமும் மங்கலாகப் போன பிறகு கற்ற பாடம் அது.

இங்கே கேமராக்களுக்குள் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. சோனியில் பிரைட் மானிட்டரிங் என்று ஒன்று மெனுவில் ஒளிந்திருக்கும். ஒரு பட்டனில் வைத்துக்கொண்டால் இருட்டில் மரங்களே திரையில் தெரியும். பானசோனிக் எஸ்5-லும் அதற்கு ஈடான வசதி இருக்கிறது. கூடவே கண் கூசாமல் திரையைச் சிவப்பாக்கும் நைட் மோடும், நட்சத்திரத் தடங்களைக் கேமராவுக்குள்ளேயே சேர்த்துக் காட்டும் லைவ் காம்போசிட்டும் உண்டு. எஸ்5-ஐ ஆட்டம் எடுக்கப் பரிந்துரைக்க மாட்டேன். மலைக்கு என்றால் அதுதான் எனக்குப் பிடித்தது.

படத்துல சிவப்பு, நீலப் புள்ளியா வருதே?

அவை ஹாட் பிக்சல்கள். சென்சார் சூடாகும்போது சில பிக்சல்கள் வெளிச்சம் இல்லாமலே ஒளிரும். கோடை இரவில் நீண்ட எக்ஸ்போஷர் என்றால் எந்தக் கேமராவிலும் வரும். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனை ஆன் செய்தால், 30 நொடி படத்துக்குப் பின் ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 நொடி எடுத்து, புள்ளிகளைக் கழித்துவிடும். நேரம் இரட்டிப்பாகும். நட்சத்திரத் தடத்துக்கு இதை ஆன் செய்யக் கூடாது, தடம் துண்டு துண்டாக வரும்.

நிரந்தரமாகத் தங்கிவிட்ட புள்ளிகளுக்கு நிக்கான் இசட் மெனுவில் பிக்சல் மேப்பிங்கும், பானசோனிக்கில் பிக்சல் ரெஃப்ரெஷும் இருக்கின்றன. ஒருமுறை ஓட விடுங்கள்.

மொத்தப் பணத்துல லென்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கணும்?

பாதி. இரண்டாவது கேள்வியின் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸ் எஃப்/1.8-இல் 28 மி.மீ. அகலத்துக்குத் திறக்கும், எஃப்/4-இல் 12.5 மி.மீ.தான். ஏபிஎஸ்-சியில் எஃப்/1.8 லென்ஸ் வைத்திருப்பவர், ஃபுல் ஃப்ரேமில் எஃப்/4 கிட் லென்ஸ் வைத்திருப்பவரை ஒரு ஸ்டாப் வித்தியாசத்தில் தோற்கடிப்பார். கையில் இருப்பது பாடிக்கே சரியாகப் போகும் என்றால், பழைய கேமராவுக்கு ஒரு 35 எஃப்/1.8 வாங்கி இன்னும் ஒரு வருடம் ஓட்டுங்கள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) வாரியாகச் சொன்னால், சோனிக்குத்தான் கடையில் அதிகச் சரக்கு: சிக்மா, டாம்ரான், சாம்யாங், வில்ட்ராக்ஸ் என்று எல்லோரும் செய்கிறார்கள், பழைய லென்ஸும் கைமாறிக்கொண்டே இருக்கும். நிக்கான் இசட்டுக்கு 40 மி.மீ. எஃப்/2 சின்னது, நல்லது; 2024-இல் வந்த 35 எஃப்/1.4 கொடுக்கிற காசுக்குத் தகும், வில்ட்ராக்ஸும் கிடைக்கும். கேனான் ஆர்எஃப்பில் வெளிக் கம்பெனிகளின் ஆட்டோஃபோகஸ் ஃபுல் ஃப்ரேம் லென்ஸுக்குப் பஞ்சம். கேனானே செய்யும் 50 எஃப்/1.8, 35 எஃப்/1.8, நட்சத்திரத்துக்கு 16 எஃப்/2.8 ஆகியவற்றை வைத்து ஓட்டலாம். பழைய ஈஎஃப் லென்ஸ் வைத்திருந்தால் அடாப்டரில் ஒரு குறையும் தெரியாது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மட்டும் கவனம்: பழைய டி வகை லென்ஸ்கள் மாட்டும், ஆனால் ஆட்டோஃபோகஸ் ஆகாது.

என்கிட்ட இருக்கிற ஏபிஎஸ்-சி லென்ஸையே ஃபுல் ஃப்ரேம்ல போடலாமே?

மாட்டலாம். கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் 10 ஆகிவிடும், எந்தப் பரப்புக்காகக் காசு கொடுத்தீர்களோ அந்தப் பரப்பும் போய்விடும்.

பழைய 6டி, டி750 எல்லாம் இன்னும் எடுபடுமா?

எடுபடும். 2012-இல் வந்த கேனான் 6டி, 2014-இல் வந்த நிக்கான் டி750 இரண்டும் இன்றைக்கும் ஐஎஸ்ஓ 6400-இல் வெட்கப்படத் தேவையில்லாத படம் தரும். 6டியில் 11 ஃபோகஸ் புள்ளிதான். ஆனால் நடுப்புள்ளி மைனஸ் 3 ஈவி வரை பிடிக்கும். டி750-க்கும் மைனஸ் 3, புள்ளிகள் 51, திரையும் சாயும். நிழலைத் தூக்கினால் டி750 சுத்தம். 6டிக்கு ஆர்பியைப் பற்றிச் சொன்ன அதே வியாதி. எஃப்/1.8 லென்ஸும் பழையதாகவே சேர்த்து வாங்கினால், நான் மேலே சொன்ன புதுக் கேமரா ஒன்றின் பாடி விலைக்குள் மொத்தமும் முடியலாம்.

இல்லாதவை: ஸ்டெபிலைசேஷன் இல்லை, கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் இல்லை, வியூஃபைண்டரில் எக்ஸ்போஷர் முன்கூட்டியே தெரியாது. பேட்டரி மட்டும் இரண்டு நாள் வரும்.

பேட்டரி ராத்திரி முழுக்க வருமா?

ஏ7-3, இசட்5, இசட்6 ஆகியவற்றின் பேட்டரி 1,900 எம்ஏஎச்சுக்குக் குறையாதது. இரண்டு எடுத்துக்கொண்டால் கூத்து முடிந்து விடிந்துவிடும். ஆர்பி, ஆர்8 இரண்டுக்கும் 1,040 எம்ஏஎச் சின்ன பேட்டரி. ஆர்8 பேட்டரி, கார்டோடு சேர்த்தே 461 கிராம்தான் என்று சந்தோஷப்பட்டு வாங்கி, பையில் நான்கு பேட்டரி சுமக்கிறார்கள். ஏ7-3, இசட்5 இரண்டையும் பவர் பேங்க்கில் போட்டபடியே எடுக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

ஷட்டர் கவுண்ட்டை (அதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கு) எல்லோரும் கேட்பார்கள். இருட்டுக்கு வாங்குகிறவர் கூடவே இன்னொன்றும் செய்ய வேண்டும்: லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ 3200, 30 நொடியில் ஒரு படம். திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சிதறிய சின்னப் புள்ளிகள் சகஜம். ஒரு முழுக் கோடோ, வெந்து போன திட்டோ தெரிந்தால் அது லேசர் பட்ட சென்சார். கல்யாண மேடை, டிஜே என்று சுற்றிய கேமராக்களில் இதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பகலில் மட்டும் சோதித்து வாங்கி நான் ஏமாந்தும் இருக்கிறேன். மெனுவில் எந்த மேப்பிங்கும் அதைச் சரிசெய்யவில்லை.

லென்ஸை டார்ச் அடித்துப் பின்பக்கம் வழியாகப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் பூஞ்சை சாதாரணம். எஃப்/1.8-இல் தெருவிளக்கை எடுத்துப் பார்த்தால் ஒளிவட்டத்துக்குள் சிலந்தி வலை மாதிரி தெரியும்.

இப்பதான் ஏஐ சாஃப்ட்வேரே நாய்ஸ எடுத்துடுதே. அப்புறம் என்ன?

நிஜமாகவே நன்றாக எடுக்கிறது. லைட்ரூமில் 2023-இல் வந்த டீநாய்ஸ், ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படம்) ஒன்றரை இரண்டு ஸ்டாப்பை மிச்சப்படுத்துகிறது. முதல் கேள்வியில் சொன்ன சென்சார் வித்தியாசத்தை ஒரு சாஃப்ட்வேர் மூடிவிடுகிறது என்றுதான் அர்த்தம். மங்கலான ஃபோகஸையும், இழுத்துப்போன கையையும் அது மீட்காது. கூட்டத்தில் தூரத்து முகங்களுக்கு இல்லாத கண்ணை வரைந்துவிடும், அதையும் கவனியுங்கள்.

நட்சத்திரத்துக்கு ஏஐ வேண்டாம். ஒரே காட்சியை ஒன்பது முறை எடுத்து, சீக்வேட்டர் போன்ற இலவச சாஃப்ட்வேரில் அடுக்கினால் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகும். பதினாறு எடுத்தால் நான்கில் ஒன்று.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எதை வாங்க?

கூத்து, கல்யாணம், மேடை என்று ஆள் அசைகிற இடமானால் ஆர்8, கூட 50 எஃப்/1.8. கோயில், தெரு, பயணம் என்றால் இசட்5; ஸ்டெபிலைசேஷனும் இரண்டு கார்டும் இருக்கிறது, வேகம் குறைவு. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும், லென்ஸும் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்றால் செகண்ட் ஹேண்ட் ஏ7-3. வானம் மட்டும் என்றால் எஸ்5. இசட்5-இன் இரண்டாம் பதிப்புக்குப் பணம் எட்டினால் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு அதை வாங்கலாம். ஆனால் லென்ஸுக்கு வைத்த பாதியைத் தொடக் கூடாது.

நான் போன மாசமே ஆர்பி வாங்கிட்டேன். தப்பு பண்ணிட்டேனா?

இல்லை. ஆர்பிக்கு ஒரே ஒரு விதி: இருட்டாக எடுத்துவிட்டு பிறகு தூக்கலாம் என்று நினைக்காதீர்கள். விளக்கு வெடிக்காத எல்லை வரை, எடுக்கும்போதே வெளிச்சமாக எடுங்கள். இரவில் ஐஎஸ்ஓவை 1600-இலிருந்து தொடங்குங்கள். கோபுரமும் மண்டபமும் ஒரே படத்தில் வர வேண்டும் என்றால் டிரைபாடில் வைத்து, வெளிச்சம் மாற்றி மூன்று படம் எடுத்துச் சேருங்கள். ஸ்டெபிலைசேஷன் வேண்டுமானால் 35 எஃப்/1.8 லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதை வாங்கிவிட்டால் இந்த ஆண்டுத் தெப்பத்துக்கு வேறெதுவும் தேவைப்படாது, இன்னொரு பேட்டரியைத் தவிர.